பொய் சொல்லியே களையைக் கொல்லும் செடி! கென்யா சோளக்காட்டில் நடக்கும் கூத்து

மண்ணுக்குள் 10, 15 வருடமாகத் தூங்கும் ஒரு விதையை "எழுந்திரு, சாப்பாடு வந்தாச்சு" என்று பொய் சொல்லி எழுப்பி, எழுந்த பிறகு பட்டினி போட்டே சாகடிக்கிற ஒரு செடி இருக்கிறது. சீரியல் மாமியார்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார். இது நடப்பது மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிப் பக்கம்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள், மக்காச்சோளம்தான் அவர்களுக்குச் சோறு, மாவைக் கொதிநீரில் கிளறி உகாலி செய்வார்கள், நம் களிக்கு அண்ணன் தம்பி மாதிரி. அந்தச் சோளத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்டுத்துளைப்பான் புழு, அதில் ஒரு வகை 1930 வாக்கில் ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா போனது (நம்ம பக்கத்து ஆள்தான், மன்னிக்கவும் கென்யா). இன்னொன்று ஸ்டிரைகா என்ற ஒட்டுண்ணிக் களை, நம் ஊர் சுடுமல்லியின் நெருங்கிய சொந்தம்.

இந்த ஸ்டிரைகாவிடம் கொஞ்சம் நிற்போம். பூ என்னவோ பார்க்க அழகு, ஊதா கலந்த இளஞ்சிவப்பு. ஒரே செடி பல்லாயிரம் விதை கொட்டும், ஒவ்வொன்றும் தூசி மாதிரி. சோள வேர் விடுகிற ஒரு ரசாயனத்தை மோப்பம் பிடித்தால் மட்டும்தான் அது முளைக்கும், உடனே அந்த வேரில் ஒட்டி உறிஞ்ச ஆரம்பிக்கும். மேலே தலைகாட்டும்போது பிடுங்கிப் போட்டாலும் பெரிய பயனில்லை, கீழே சோளம் ஏற்கெனவே வற்றிப் போயிருக்கும்.

இப்போது நம்ம ஹீரோ, டெஸ்மோடியம். சோள வரிசைகளுக்கு நடுவே படரும் ஒரு தீவனப் பயறு. இதன் வேரும் ஸ்டிரைகாவை முளைக்கவைக்கும் சரக்கை விடுகிறது, கூடவே முளைத்தது வேரில் ஒட்ட முடியாமல் தடுக்கும் இன்னொன்றையும் விடுகிறது. விருந்துக்குக் கூப்பிட்டு இலையை மடித்துவிடுவது என்பார்களே, அதுதான். ஒட்ட வேர் கிடைக்காமல் முளை செத்துப்போகும், வருடா வருடம் மண்ணிலிருக்கும் விதை இருப்பும் குறையும்.

நைரோபியின் இசிபே பூச்சி ஆய்வு மையத்தில் ஜியாவுர் கானும், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தாரும் சேர்ந்து உருவாக்கிய முறை இது, பெயர் 'புஷ்-புல்'. அதாவது நடுவில் டெஸ்மோடியம் வாசனையால் தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியைத் தள்ளும், வயலைச் சுற்றி நேப்பியர் புல் இழுக்கும். பூச்சி புல்லில் முட்டையிடும், புழு தண்டைக் குடைந்தால் பிசின் மாதிரி ஒன்று சுரந்து அதை மூடிவிடும். இதே புல்லைக் கம்புப் பயிரோடு இனக்கலப்பு செய்ததுதான் நம் ஊர் கோ-4 தீவனப் புல்.

ஆனால் எனக்குப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். சில ஆண்டுகளுக்கு முன் சுவீடன் ஆய்வாளர்கள் இருந்த ஒரு குழு வயலில் போய் அளந்து பார்த்துவிட்டு, "வாசனையா? அப்படி ஒன்றும் பெரிதாக வரவில்லையே" என்றது. அவர்கள் கண்டது வேறு. டெஸ்மோடியம் இலையிலும் தண்டிலும் பொடிப் பொடிக் கொக்கிகள், செருப்பில் வரும் வெல்க்ரோ மாதிரி, புழு அதில் மாட்டித் துடித்துச் சாகிறது. இல்லை, வாசனையும் உண்டு என்று மற்றவர்கள் சொல்ல, சண்டை இன்னும் ஓயவில்லை. எது எப்படியோ, இந்த முறையில் எக்டேருக்கு 1 டன் சோளம் வந்த இடத்தில் 3.5 டன் வரை எடுக்கலாம் என்கிறது இசிபே. சோளம் போட்ட வீட்டுக்காரிக்கு வாசனையா கொக்கியா என்பதா கவலை?

என்னைக் கேட்டால் இதில் நிஜ ஹீரோ மாடு. டெஸ்மோடியமும் நேப்பியரும் தீவனம், தீவனம் இருந்தால் பால், சாணம். மாடில்லாத வீட்டுக்குப் பாதி லாபம்தான், டெஸ்மோடியம் விதையும் மலிவில்லை, முதல் வருடம் களையெடுத்தே இடுப்பு ஒடியும். அப்புறம் சோளத்துக்கு நடுவே வழக்கமாகப் போடும் பீன்ஸின் இடத்தையும் அது பிடித்துக்கொண்டது, பிறகுதான் பீன்ஸையும் சேர்த்துப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். குழம்புக்கு வேண்டாமா!

2016-ல் ஆப்பிரிக்காவிலும் 2018-ல் இந்தியாவிலும் நுழைந்த, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவும் இந்த வயல்களில் குறைவாகவே வருகிறதாம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டு அந்த வருடம் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? வரப்பில் கோ-4 நின்றிருந்தால் அதில் புழு ஏறியதா இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.