கஞ்சித் தூக்கோடு போகும் நற்செய்தி

மாட்சிமைக்குரிய பேராயர் அவர்களே, இந்தச் சேகரத்தின் குருவானவர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, மூன்று நாளாக இந்தப் பந்தலுக்காக உழைத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளே, நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, உங்கள் யாவருக்கும் என் ஸ்தோத்திரம். தலைவர் ஐயா நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை கேட்டு நாம் போய் நின்றபோது, மறுநாளே வந்து பார்த்து, மழைக்கு முன் மண் அடித்துக் கொடுத்தவர். அதை இம்மேடையில் சொல்லாவிட்டால் நான் நன்றி மறந்தவனாவேன்.

விசுவாசத்தை அன்போடு அறிவிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். செவி, நாவு, கை என்னும் மூன்றையும் குறித்துச் சொல்ல விரும்புகிறேன். "மெல்லப் பாயும் தண்ணீர் கல்லையும் குழியாக்கும்" என்று என் பாட்டி சொல்வார்கள். இம்மூன்றுக்கும் அதுவே போதும்.

ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயரை நீங்கள் அறிவீர்கள். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர், 1798இல் தஞ்சாவூரில் கண்மூடும்வரை தாய்நாடு திரும்பவே இல்லை. ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை நாடு பாழ்பட்டிருந்த நாட்களில், கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் தெருவில் விழுந்து கிடந்தார்கள். கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்களோ ஒளித்துவிட்டார்கள், ஏனென்றால் முன்பு கொண்டுவந்த நெல்லுக்கும் கூலிக்கும் உரிய பணத்தை இடையிலிருந்தவர்கள் விழுங்கியிருந்தார்கள். அரசர் கெஞ்சிப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. கடைசியில், "நம் இருவர் வாக்கும் செல்லவில்லை, அந்தப் பாதிரியாரையாவது நம்புகிறார்களா பார்ப்போம்" என்று கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியிடம் சொல்லி, ஐயரிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஒருவருக்கும் காசு நஷ்டம் வராது, என் கையாலேயே கொடுப்பேன் என்று ஐயர் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடியே பணமும் கொடுத்தார். பின்னர், கொடுமை தாங்காமல் ஊரைவிட்டுப் போன உழவர்களை அவர் அழைத்தபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்; நீர் எங்களுக்குத் தயவு காட்டினீர், அதற்காக நீர் வருந்தும்படி நாங்கள் நடக்கமாட்டோம் என்றார்களாம்.

அந்த உழவர்களிடம் அவர் முதலில் காட்டியது பிரசங்கத்தை அல்ல, வாக்குத் தவறாத கையை. அவர் அன்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். அதனால் ஐயரின் அன்பு குறைந்ததும் இல்லை, மன்னரின் நன்றி குறைந்ததும் இல்லை. பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு அவர் செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்தருகே தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது: சாகும் கிழவரின் கையைப் பிடித்தபடி ஒரு மன்னர். ஐயரின் கல்லறைக் கல்லில் உள்ள வரிகளையும் மன்னரே எழுதினார். அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்கிறார். மெல்லப் பாயும் தண்ணீர் கல்லையும் குழியாக்கும்.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். என் தாயார் மருத்துவமனையில் கிடந்தபோது, அடுத்த கட்டிலில் சிறுநீரகக் கோளாறோடு ஓர் அம்மாள் இருந்தார். ஒருநாள் இருவர் வந்து, ஒரு வார்த்தை கேளாமல் தலையில் கைவைத்து உரத்த சத்தமாய் ஜெபித்தார்கள். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் எங்கள் சபைப் பெண் ஒருத்தி வந்தாள். சிக்குப் பிடித்த அவர் தலையை அரைமணி நேரம் சீவிப் பின்னிவிட்டு, பிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வைத்துவிட்டுப் புறப்பட்டாள். அப்போதுதான் அந்த அம்மாள், "நீ யார் பெத்த பிள்ளையம்மா? எதுக்காக இதெல்லாம் செய்யிறே?" என்று கேட்டார். அப்போஸ்தலனாகிய பேதுரு எழுதியதும் இதுதானே! விசாரித்துக் கேட்கிறவர்களுக்குத்தான் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்லச் சொன்னார். எழுந்து போக முடியாதவரிடம் சம்மதம் கேளாமல் ஜெபிப்பதை நான் களவென்றே சொல்வேன்.

நாவைப் பற்றியும் செவியைப் பற்றியும் விரிக்க நேரமில்லை. இரண்டு வருடமாக நான் எல்லா மேடையிலும் கேட்பதை இங்கும் கேட்கிறேன். ஞாயிறுதோறும் பார்வையாளர் நேரத்தில், ஒவ்வொரு சபையிலிருந்தும் இருவர் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். கையில் கஞ்சித் தூக்கும் துவையலும் இருக்கட்டும். துண்டுப் பிரதி வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லுங்கள், துணைக்கு ஆளில்லாதவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். அவர்களாகக் கேட்டால் இயேசுவைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அடுத்த ஞாயிறும் கஞ்சியோடு போங்கள். மெல்லப் பாயும் தண்ணீர்தான் கல்லையும் குழியாக்கும்.

பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மாவிடம் நோட்டு இருக்கிறது. பெண்கள் வார்டுக்குப் பெயர்கள் நிரம்பிவிட்டன. ஆண்கள் வார்டுக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். ஆராதனை முடிந்ததும், அசனத்துக்கு உட்காரும் முன் வந்து எழுதிக் கொடுங்கள்.