துருத்தியின் மூச்சு

(அட்டனில் இசை ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயிலில் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. துருத்தியை எலி கடித்திருந்தது. பஜனையில் பாட்டு நிற்கும்போதெல்லாம் அது 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம், பூசாரி முறைப்பார். கடைசியில் யாரோ பிளாஸ்டர் ஒட்டி அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

அந்தப் பெருமூச்சையே இசையாக எழுதியவர் சோஃபியா குபைதூலினா என்ற சோவியத் இசையமைப்பாளர். 1931இல் தாத்தார் நாட்டுச் சிஸ்தபோலில் பிறந்தவர். அப்பா தாத்தார், அம்மா ரஷ்யர். அப்பாவைப் பெற்றவர் ஓர் இமாம். மொஸ்கோவில் படிக்கையில் இவர் போக்கே பிழை என்றார்கள். பரீட்சைக் குழுவில் இருந்த பெரிய இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச், அந்தப் பிழையான வழியிலேயே போகச் சொன்னாராம். 1979இல் சோவியத் இசையமைப்பாளர் சங்க மாநாட்டில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்ட எழுவரில் இவரும் ஒருவர். வயிற்றுப்பாட்டுக்குப் படங்களுக்கு இசையமைத்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பயான் என்பது பொத்தான் வைத்த ரஷ்ய அக்கோடியன். நாட்டார் வாத்தியம். நம்முடைய தப்பு மேளம் மாதிரி என்று வையுங்களேன். காமன் கூத்துக்கு வேண்டும், சாவு வீட்டுக்கு வேண்டும், கச்சேரி மேடைக்கு மட்டும் ஆகாது! 1978இல் தனிப் பயானுக்கென்றே 'தெ புரொஃபுண்டிஸ்' எழுதினார். பைபிளில் உள்ள 130ஆம் சங்கீதத்தின் தொடக்கச் சொற்கள் அவை. 'ஆழங்களிலிருந்து' என்று பொருள். அதில் சில இடங்களில் சுரப் பொத்தான் எதையுமே அழுத்துவதில்லை. துருத்தி மட்டும் விரிந்து சுருங்கும். சுரம் இல்லை, மூச்சு மட்டும்.

இன்னொன்று, 1980இல் வயலின் கலைஞர் கிடோன் கிரேமருக்காக எழுதிய வயலின் படைப்பு, 'ஒஃபெர்டோரியம்'. பழைய ஜெர்மன் இசைமேதை பாஹ் கையாண்ட ஒரு மெட்டை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் தலையில் ஒரு சுரம், வாலில் ஒரு சுரம் என்று கழற்றிக்கொண்டே போகிறார். சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. தீட்சிதரின் ஆனந்தபைரவிக் கிருதியைப் பாடிப் பாருங்கள்: தியாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம். பசுவின் வால்போலத் தேய்ந்துகொண்டே போகும் இதற்குப் பெயர் கோபுச்ச யதி. அங்கே தலைப்பக்கம் மட்டும் தேயும். குபைதூலினா இரண்டு பக்கமும் தேய்த்து ஒற்றைச் சுரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிறகு மெட்டு திரும்ப வளர்கிறது, ஆனால் தலைகீழாக. எனக்கு அந்த வளர்ச்சியைவிட ஒற்றைச் சுரம்தான் பிடிக்கும்.

1992இல் ஜெர்மனிக்குப் போய், ஹம்பர்க் அருகே ஒரு கிராமத்தில் வாழ்ந்து, 2025 மார்ச்சில் காலமானார்.

இப்போது அந்தப் பயானைப் போடச் சொல்கிறேன். வெளியே குளிர்தான், தெரியும். மூச்சு வரும் இடத்தில் மட்டும் யாரும் இருமிவிடாதீர்கள்.