'வளர்ச்சி இல்லை' என்று வந்த அறிக்கை

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

முதியவர்களின் சிறுநீர்த் தொற்று என்றதும் நாம் முதலில் சந்தேகிப்பது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத்தான், பெரும்பாலும் அதுவே காரணம் என்பதால் அதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒன்றைப் பிடிக்க ஏற்றவாறே நம் சோதனைமுறை அமைந்துவிட்டதால், அதில் சிக்காமல் நழுவும் இரண்டு கிருமிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

புரோஸ்டேட் வீக்கமுள்ள 80 வயதுப் பெரியவர் ஒருவர் நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மைக்ராஸ்கோப்பில் சீழ் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. ஆனால் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைச் சோதனையில், ஈ.கோலை போன்ற கிருமிகள் நைட்ரேட்டிலிருந்து உண்டாக்கும் நைட்ரைட் இல்லை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கையிலும் 'வளர்ச்சி இல்லை' என்றே வருகிறது. காரணம் ஆக்டினோடிக்னம் ஷாலியாக இருக்கலாம். 1997இல் ஆக்டினோபாகுலம் என்ற பேரினத்தில் சேர்க்கப்பட்டு, 2015இல் இன்றைய பெயரைப் பெற்ற இந்தக் கிருமி, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதில்லை. சிறுநீர்க் கல்ச்சருக்கு வழக்கமாகப் பயன்படும் மக்கான்கி என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்வதுமில்லை. இரத்தம் கலந்த வளர்ப்புக் கூழான இரத்த அகார் தட்டில் விதைத்து, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த சூழலிலோ ஆக்சிஜன் இல்லாத சூழலிலோ இரண்டு நாள் வைத்திருந்தால்தான், குண்டூசி முனை அளவிலான சாம்பல் நிறப் புள்ளிகளாக அது தலைகாட்டும். மறுநாள் காலையிலேயே தட்டைக் குப்பையில் போட்டுவிட்டால் அதை யார் காண்பது?

இரண்டாவது கிருமியான, 1992இல் பெயரிடப்பட்ட ஏரோகாக்கஸ் யூரினே வேறு விதத்தில் ஏமாற்றும். கிராம் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கையில் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போலக் கொத்துக் கொத்தாகவும், தட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போலவும் தோன்றுவதால், 'வெளியிலிருந்து கலந்தது' என்று எழுதி ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்த ஒரு சொல்லால் ஒரு முதியவரின் வலி கணக்கில் வராமலே போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்தக் கிருமி இரத்தத்தில் கலந்து இதய வால்வுகளையும் தாக்கக்கூடியது.

வழக்கமாக எழுதிக்கொடுக்கும் சிப்ரோஃபிளாக்சசினுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் ஆக்டினோடிக்னம் பொதுவாகக் கட்டுப்படாது. ஆனால் இரண்டு கிருமிகளும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காக, தொந்தரவு ஏதுமில்லாத முதியவரின் சிறுநீரில் கிருமி தென்பட்டதும் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. அவர்களில் பலருக்கு அது தீங்கின்றித் தங்கியிருப்பதே.

ஆகவே மருத்துவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சீழ் அணுக்கள் மிகுந்தும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லையென்றால், லேபை அழைத்து, நோயாளியின் வயதையும் அறிகுறிகளையும், சிறுநீர் வடிகுழாய் உள்ளதா என்பதையும் சொல்லி, இரத்த அகார் தட்டை இன்னொரு நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள்.