சோனியா, நிக்கானா, கேனானா? மொதல்ல சென்சார பாருங்க

வணக்கம் மக்களே! டேபிள் மேல ரெண்டு கேமரா இருக்கு, பக்கத்துல ஒரு டேபிள் ஃபேன் இருக்கு. ஃபேன் காத்துக்கு இல்ல, அதுக்கு அப்புறம் வர்றேன்.

"அண்ணா, சோனி எடுக்கலாமா, நிக்கான் எடுக்கலாமா, இல்ல கேனானே போயிடலாமா?" கேமரா வாங்கப் போற ஒருத்தர் விடாம எல்லாரும் இதத்தான் கேக்குறீங்க. இந்தச் சண்டை இப்ப ரசிகர் மன்றச் சண்டை லெவலுக்குப் போயிடுச்சு. அதுலயும் நிக்கான்காரர் சோனிய கிண்டல் பண்றப்ப எனக்குச் சிரிப்பு தாங்காது. ஏன்னா பல நிக்கான் பாடிக்குள்ள இருக்குறதே சோனி ஃபேக்டரியில செஞ்ச சென்சார்தான். சென்சார்னா லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த வாங்கி படமா மாத்துற சிப். 2012-ல வந்து கலக்குன நிக்கான் டி800 ஞாபகம் இருக்கா, 36.3 மெகாபிக்சல்? அந்தச் சென்சார் சோனி தயாரிப்பு. ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் 100-ல வர்ற 102 மெகாபிக்சல் பெரிய சென்சாரும் சோனிதான்.

அதுக்காக நிக்கான்காரங்க கடையில வாங்கி அப்படியே மாட்டுறாங்கன்னு நினைக்காதீங்க. சென்சார் டிசைன் பண்ண அவங்ககிட்டயே ஆளுங்க இருக்காங்க. எங்களுக்கு இப்படி வேணும்னு சொல்லி வெளிய செய்ய வைக்கிறாங்க. 2016 ஏப்ரல்ல ஜப்பான்ல குமமோட்டோ பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்துச்சு. அங்க இருந்த சோனி சென்சார் ஃபேக்டரி நின்னதும் மத்த கம்பெனி கேமரா சப்ளையும் சேந்து அடி வாங்குச்சு. அப்பதான் நிறைய பேருக்கு, அட, எல்லாரும் ஒரே சமையல்கட்டுலயா சாப்பிடுறாங்கன்னு புரிஞ்சுது.

கேனான் மட்டும் தனி ரூட்டு. டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச பழைய டைப்), மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத புது டைப்) எல்லாத்துக்கும் பெரும்பாலும் சொந்தமா சென்சார் செய்றாங்க. அதுல அவங்களுக்கு லாபமும் உண்டு, அடியும் உண்டு. ரெண்டையும் சொல்றேன்.

மொதல்ல அடி. அதே 2012-ல டி800-க்குப் போட்டியா கேனான் 5டி மார்க் 3 வந்துச்சு, 22.3 மெகாபிக்சல். நல்ல கேமராதான், கல்யாணத்துல ஓடாத ஊர் இல்ல. ஆனா ரா ஃபைல, அதாவது கேமரா கைவைக்காத சென்சார் டேட்டாவ, எடிட்டிங்ல போட்டு இருட்டா இருக்குற எடத்த தூக்குங்க. நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) தூக்கினீங்கன்னா கறுப்பு கோட்டுல, தலைமுடி நிழல்ல கோடு கோடா பட்டை வந்துடும். டி800 ஃபைல்ல அதே அளவு தூக்கினா கோட்டுத் துணியோட நெசவு தெரியும். காரணம் என்னன்னா, பிக்சல்ல விழுற வெளிச்சம் மின்சாரமா மாறும், அத நம்பரா மாத்த ஒரு சர்க்யூட் வேணும். சோனி அந்தச் சர்க்யூட்ட சென்சார் மேலயே, மேலேருந்து கீழ போற ஒவ்வொரு பிக்சல் வரிசைக்கும் ஒண்ணுன்னு வச்சுட்டாங்க. கேனான் அப்ப சென்சாருக்கு வெளிய தனிச் சிப்ல வச்சிருந்தாங்க. சிக்னல் அந்தத் தூரம் போறதுக்குள்ள நாய்ஸ், அதாவது படத்தக் கெடுக்குற புள்ளியும் கோடும், ஏறிக்கும். 2016-ல 5டி மார்க் 4-ல கேனானும் அத சென்சாருக்குள்ள கொண்டுவந்தாங்க, அந்த இடைவெளி பெருசா குறைஞ்சுது. "கேனான்ல ஷேடோ (இருட்டான எடம்) தூக்க முடியாது"ன்னு இன்னைக்கும் ஒருத்தர் சொன்னா, அவர் பத்து வருஷப் பழைய கேமரா பத்திப் பேசுறார்னு அர்த்தம்.

இப்ப லாபம். 2013-ல கேனான் 70டி-யில டூயல் பிக்சல் ஃபோகஸ் வந்துச்சு. ஒவ்வொரு பிக்சலையும் ரெண்டா பிரிச்சு, ரெண்டு பாதியும் பாக்குறது ஒத்துப் போகுதான்னு பாத்து ஃபோகஸ் பண்ணும். மத்தவங்க அங்கங்க கொஞ்சம் பிக்சல மட்டும் ஃபோகஸுக்கு ஒதுக்குனப்ப, இவங்க சென்சார்ல பெரும்பகுதியையே ஃபோகஸுக்கு வேலை செய்ய வச்சாங்க. வீடியோ எடுக்குறப்ப மூஞ்சிய விட்டு ஃபோகஸ் அலையாம நின்னுச்சு. வீடியோகாரங்க கேனான விடாததுக்கு இது பெரிய காரணம்.

"கேனான் ஸ்கின் டோன் வேற மாதிரிண்ணா"ன்னு ஒரு குரூப் இருக்கு. பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுக்குச் சென்சார் பொறுப்பு ரொம்பக் கம்மி. சென்சாருக்குக் கலரே தெரியாது, வெளிச்சத்தோட அளவு மட்டும்தான் தெரியும். மேல சிவப்பு, பச்சை, நீலம்னு குட்டி ஃபில்டர் ஒட்டியிருக்கும், பாதி பச்சை, மீதி ரெண்டும் கால் கால். கோடாக்ல வேலை பாத்த பிரைஸ் பேயர் பேர்ல 1976-ல பேட்டண்ட் ஆனது அது. ஃபுஜியோட எக்ஸ்-டிரான்ஸ்ங்கிற சென்சார்ல மட்டும் அந்த வரிசைய மாத்தி வச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் தோல் எவ்வளவு சிவக்கணும், எவ்வளவு மஞ்சள் ஏறணும்னு முடிவு பண்றது பெரும்பாலும் உள்ள இருக்குற புராசசரும் கலர் புரொஃபைலும்தான். ஜேபெக்லயே (கேமராவே கலர் போட்டு முடிச்சுத் தர்ற ஃபைல்) நேரா டெலிவரி பண்றவங்களுக்கு அது முக்கியம். ரா எடுக்குறவங்க அதுக்காக பிராண்டு மாத்த வேண்டாம்.

சரி, ஃபேன். ஒண்ணாம் நம்பர்ல விடுறேன். இது சோனி ஏ7 ஃபோர், 33 மெகாபிக்சல். சைலண்ட் ஷட்டர் (திரை அசையாம சென்சார வச்சே எடுக்குறது) போட்டு 1/2000-ல, அதாவது வினாடியில 2000-ல ஒரு பங்குல, ஒரு கிளிக். பாருங்க, ஒரு இறக்கை வளைஞ்சிருக்கு, இன்னொண்ணு பாதியில பிஞ்சு தனியா நிக்குது. ஷட்டர் 1/2000 வச்சும் ஏன்? சென்சார் மொத்தப் படத்தையும் ஒரே நேரத்துல படிக்காது, மேலேருந்து வரிசை வரிசையா படிச்சுட்டு கீழ வரும். இதுல அப்படி வந்து சேர ஏறக்குறைய ஒரு வினாடியில 15-ல ஒரு பங்கு ஆகுது. அதுக்குள்ள ஃபேன் நல்லாவே சுத்திடும்.

இது நிக்கான் இசட்8, 45.7 மெகாபிக்சல். அதே ஃபேன், அதே ஸ்பீடு. இறக்கை நேரா இருக்கு. பிக்சல் அதிகம், ஆனாலும் வேகம். ஏன்னா இது ஸ்டாக்ட் சென்சார், பிக்சலுக்கு அடியிலயே இன்னொரு அடுக்கா சர்க்யூட் இருக்கு. இசட்8-லயும் அதுக்கு முன்ன வந்த இசட்9-லயும் மெக்கானிக்கல் ஷட்டரே (சென்சார் முன்னாடி அசையுற திரை) கிடையாது, அவ்வளவு நம்பிக்கை. ஃபுல் ஃப்ரேம்ல (பழைய 35 எம்எம் ஃபிலிம் சைஸ் சென்சார்) ஸ்டாக்ட மொதல்ல கொண்டுவந்தது யாருன்னா, 2017-ல சோனி ஏ9! ஆக சோனி ஜெயிச்சுதா, நிக்கான் ஜெயிச்சுதா? கேள்வியே தப்பு. ஒரே கம்பெனிக்குள்ள ஏ7 ஃபோருக்கும் ஏ9-க்கும் இருக்குற தூரம், சோனிக்கும் நிக்கானுக்கும் நடுவுல இருக்குறத விடப் பெருசு.

மண்டபத்துல வேலை பாக்குறவங்களுக்கு இதோட வலி தெரியும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பல லைட்டு வினாடிக்கு 100 தடவ மின்னும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா மெதுவா படிக்கிற சென்சார் சைலண்ட்ல வேகமான ஷட்டர்ல எடுத்தா பொண்ணு மாப்பிள்ளை மேலயே ஆறேழு பட்டை விழும். அப்போதைக்கு ஷட்டர 1/100-க்கோ 1/50-க்கோ இறக்குங்க, இல்லன்னா மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்க. எல்ஈடி வால் இருந்தா கணக்கு வேற, அதுக்குன்னு தனி ரிஃப்ரெஷ் வேகம் இருக்கும், ஷட்டர கொஞ்சம் கொஞ்சமா நகத்திப் பாத்துத்தான் பிடிக்கணும்.

2023-ல அறிவிச்ச சோனி ஏ9 த்ரீ-யில குளோபல் ஷட்டர், எல்லா பிக்சலும் ஒரே நேரத்துல படம் பிடிக்கும். ஃபேனும் வளையாது, பட்டையும் விழாது, 1/80000-லயும் ஃபிளாஷ் அடிக்கலாம். ஆனா அதோட அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு எவ்வளவு உணர்வு காட்டுதுங்கிற அளவு) 250-ல தொடங்குது, மத்ததுல பெரும்பாலும் 100. அந்த வேகத்துக்குக் கொஞ்சம் ஷேடோவ விட்டுக் கொடுத்திருக்காங்க. லேண்ட்ஸ்கேப் எடுக்குறவருக்கு அது வீண் செலவு.

புதுசா வாங்குறவங்க பாடிக்கு முன்னாடி லென்ஸ் விலையக் கூட்டிப் பாருங்க. சோனி மவுண்டுக்கு (லென்ஸ் மாட்டுற எடம்) சிக்மா, டாம்ரான்னு வேற கம்பெனி லென்ஸ் நிறைய கிடைக்குது. கேனானோட மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப்-ல ஏபிஎஸ்-சிக்கே (ஃபுல் ஃப்ரேம விடச் சின்ன சென்சார்) 2024-லதான் அவங்கள உள்ள விட்டாங்க. அப்புறம் கடைக்குப் போறப்ப உங்க மெமரி கார்ட எடுத்துட்டுப் போங்க. சைலண்ட் ஷட்டர் போட்டு, 1/1000 வச்சு, கடை லைட்டு தெரியுற மாதிரி நாலு படம் எடுங்க. கேமராவ இடமும் வலமும் வேகமா திருப்பி தூண், கதவு மேலயும் நாலு. வீட்டுக்கு வந்து பட்டை விழுந்திருக்கா, தூண் சாஞ்சிருக்கான்னு பெரிய ஸ்கிரீன்ல பாத்துட்டு, மறுநாள் பணத்தோட போங்க.