நாலு பேர் ஒன்றாக உட்கார வேண்டிய வேலை

(தீத்தொண்டு வாரத்தையொட்டி காரைக்குடியில் வீட்டு உரிமையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் அந்த 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிவந்த கப்பல் ஒன்று வெடித்தது. அணைக்கப்போன வீரர்களில் 66 பேர் உயிரை விட்டார்கள். அவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறோம், சரி. இன்று வேலைக்குப் போகிற வீரர் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில், நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பணிகளில் தீயணைப்பும் ஒன்று. மும்பையில் மாநகராட்சியேதான் தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. இதில் எனக்குக் குறை இல்லை. பெரிய தீ என்றால் தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ஒரே உத்தரவில் வண்டியை வரவழைக்க முடியும். ஆனால் வண்டியும் ஆளும் தீயணைப்புத் துறையுடையவை, தெருவும் குடிநீர்க் குழாயும் மாநகராட்சியுடையவை, கம்பம் மின்வாரியத்துடையது, வீட்டுப் பூட்டு உங்களுடையது. வீடு எரியும்போதுதான் இந்த நாலு பேரும் முதல்முறையாக முகம் பார்த்துக்கொள்வது என்றால், அதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை.

முதலில் தண்ணீர். வழக்கமான தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்தே நிமிடம், இரண்டு குழாய் போட்டால் ஐந்து. அப்புறம்? நம் முன்னோர் வெட்டிவைத்த ஊருணி இருக்கிறது. ஆனால் வண்டியின் பம்ப் சுமார் ஏழு மீட்டர் ஆழம் வரைதான் தண்ணீரை உறிஞ்சும். சித்திரை வெயிலில் தண்ணீர் கீழே போய்விட்ட கிணறு அதற்கு எட்டாது. ஊருணி எட்டும், வண்டி கரையோரம் போய் நிற்க முடிந்தால். பாரம் தாங்கும் தளம் ஒன்று, கதவு ஒன்று, அதன் முன்னால் வாகனம் நிறுத்தக் கூடாது என்ற உறுதி. மாநகராட்சிக்கு இது பெரிய செலவே இல்லை.

அடுத்தது நம் வீடுகள். முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் பின்வாசல். நடுவில் திறந்த முற்றத்தோடு வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. தலைக்கு மேலே பர்மா தேக்கு, அதற்கு மேல் ஓடு. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே பழைய மின்கம்பியில் பொறி பட்டால், கீழே நிற்பவருக்குப் புகை தெரியுமுன் மேலே மரச்சட்டம் பற்றிவிடும். வளவைச் சுற்றியுள்ள அறைகளோ பங்காளிக்கு ஒன்று, பூட்டும் ஆளுக்கு ஒன்று. ஒரு சாவி சென்னையில், ஒன்று கோலாலம்பூரில். இதெல்லாம் தெரியாமல் உள்ளே போகிற இளைஞர் எந்தக் கதவை உடைப்பார்? எந்தப் பக்கம் வெளியே வருவார்? என்னை உறுத்துகிற கேள்வி இதுதான்.

தீயணைப்புத் துறைக்குத் தீயைவிட மீட்பு அழைப்புகள்தான் அதிகம் வருகின்றன. பூட்டிக் கிடக்கிற வீட்டில் பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, கதண்டுக் குளவிக் கூடு. அந்த அழைப்புகளுக்கு வரும் வீரர்களிடம் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, சிலிண்டர் எங்கே, பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவர்கள் அமைதியாகப் பார்த்துவைக்க நல்ல சந்தர்ப்பம் அது. இப்படிச் சேரும் விவரத்தைத் தெருவாரியாக எழுதிவைக்க நிலையத்தில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அவர் மாறுதலாகிப் போனாலும் நோட்டு நிலையத்திலேயே இருக்க வேண்டும்.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வெளியூரிலிருந்து எல்லோரும் வந்து, வீடு நிறைய விளக்கு எரிகிற நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஏதாவது ஆனால் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தெருப்பெயரோடு, வண்டி முன்வாசலுக்கு வர வேண்டுமா பின்வாசலுக்கா என்பதையும் சொல்லுங்கள்.

வாசல் மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். வீட்டு விலாசம், உள்ளூரில் சாவி வைத்திருப்பவர் பெயர், தொலைபேசி எண், பக்கத்தில் உள்ள ஊருணி, இவ்வளவுதான். வெளியூரில் இருக்கும் பங்காளிகளைக் கேட்டு நிரப்பி, இந்த வாரம் முடிவதற்குள் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். ஊருணிக்கரைத் தளத்துக்கான மனுவும் அதே வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.