10 அம்பியர் ரிலே எங்கே 10 அம்பியர்?

(காட்சி: சம்மாந்துறையில் ஓர் அரிசி மில். கொன்ட்ரோல் பெனல் கதவு திறந்திருக்கிறது. ஒரு ரிலேயின் மூடிக்குள் கறுப்புப் படிந்திருக்கிறது.)

வணக்கம். சிறு கரண்டால் இயங்கி வேறொரு சுற்றைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்தான் ரிலே. இந்த ரிலேயில் 10 அம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. இது போட்டு நிறுத்துவது கொன்டாக்டரின், அதாவது பெரிய மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சின், கொயிலை (அதை இழுக்கும் காந்தச் சுருளை). பிடித்து வைத்திருக்கும்போது அந்தக் கொயில் அரை அம்பியர்கூட எடுக்காது. பிறகு ஏன் ரிலேக்குள் தொட்டுப் பிரியும் கொன்டாக்ட் ஒட்டிக்கொண்டது?

(அருகில்: இரண்டு கொன்டாக்ட் முனைகள். ஒன்றில் குழி, மற்றதில் மேடு.)

அந்த 10 அம்பியர் ஹீட்டர் போன்ற சுமைக்கு. ஐஈசி 60947 என்ற சர்வதேசத் தரத்தில் அதற்கு ஏசி-1 என்று பெயர். கொன்டாக்டர் கொயில், சொலினோயிட் வால்வு (கொயிலால் திறந்து மூடும் வால்வு) எல்லாம் ஏசி-15. கொயில் இழுபடும் கணத்தில் வழக்கமான கரண்டைப்போல 10 மடங்குவரை பாயும். விடும்போது கொயிலில் தேங்கிய சக்தி தீப்பொறியாக வெளியேறும். அதனால் அதே ரிலேக்கு ஏசி-15 கணக்கில் இரண்டு, மூன்று அம்பியர்தான் கிடைக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் இந்த ஏசி-15 எண்ணைத் தேடுங்கள். டேட்டாஷீட்டே இல்லாத ரிலேயை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன்.

டிசி என்றால் இன்னும் மோசம். நம் 50 ஹேர்ட்ஸ் ஏசி செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. 24 வோல்ட் டிசியில் 10 அம்பியர் தாங்கும் ரிலே, 110 வோல்ட் டிசியில் பெரும்பாலும் அரை அம்பியருக்குள் வந்துவிடும்.

(காட்சி: மோட்டர் தொடங்குகிறது. வோல்ட் மீட்டர் முள் இறங்குகிறது. ரிலே கடகடக்கிறது.)

இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். லைன் கடைசியில் இருக்கிற மில்லில் பெரிய மோட்டர் ஒன்று தொடங்கினால் வோல்டேஜ் விழும். 230 வோல்ட் ரிலே கொயில் இழுபடுவதற்கு வழக்கமான உத்தரவாதம் 80 வீதம், அதாவது 184 வோல்ட் வரைதான். அதற்குக் கீழே போனால் ரிலே துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கொன்டாக்டர் புதிதாக இழுபடும், அந்த 10 மடங்கு கரண்ட் மறுபடி பாயும். கொன்டாக்ட் ஒட்டியதற்கு இதுதான் காரணம். இன்னும் பெரிய ரிலே போட்டாலும் துடிப்பு நிற்காது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்று நிலையான டிசி தரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்றை வைத்து, 24 வோல்ட் டிசி கொயில் ரிலேக்கு மாறுங்கள். விடும்போது கொயிலில் தேங்கிய சக்தியை அடக்க, ரிலே கொயிலுக்குக் குறுக்கே டயோட், கொன்டாக்டர் கொயிலுக்குக் குறுக்கே ஆர்சி சப்ரசர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) போடுங்கள். டயோட் போட்டால் ரிலே விடுவது சற்றுத் தாமதமாகும்; அவசர நிறுத்தத்துக்கு அதையும் கணக்கில் எடுங்கள்.

(காட்சி: மட்டக்களப்பு வாவிக்கரை. ஐஸ் பெக்டரி ஒன்றின் பின்புறம்.)

இங்கே பிரச்சினை காற்று. உப்பு ஈரம் ஒரு பக்கம். வாவிச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை மணம் வருகிறதல்லவா, அந்த ஹைட்ரஜன் சல்பைட் வெள்ளிக் கொன்டாக்டைக் கறுப்பாக்கும். பெரிய சுமையில் பொறி அந்தப் படலத்தை எரித்துவிடும். பிஎல்சிக்கு (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிக்கு) சில மில்லி அம்பியர் மட்டும் அனுப்பும் கொன்டாக்டில் படலம் அப்படியே தங்கும். ரிலே இழுக்கும், சிக்னல் போகாது. அந்த இடத்துக்குத் தங்கமுலாம் பூசிய கொன்டாக்ட் வேண்டும். அமோனியாவில் ஓடும் ஆலையென்றால் செம்பும் பித்தளையும் அரிக்கும்; பெனலை இயந்திர அறைக்கு வெளியே வையுங்கள். நெல் தூசி பறக்கும் மில்லுக்கு சீல் செய்த ரிலேயும் இறுக்கமாக மூடும் பெனலும் போதும்.

(அருகில்: ரிலேயின் மேல் சின்ன நெம்பு.)

கடைசியாக, ரிலேயைக் கையால் இயக்கிப் பார்க்கும் இந்த டெஸ்ட் நெம்பு. இதைப் பூட்டிவிட்டு மறந்தால் நெல் ஏற்றும் எலிவேட்டர் யாரும் சொல்லாமலே ஓடும், உள்ளே கை வைத்திருப்பவர் இருந்தாலும். பூட்டாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.