மூச்சு மாற்றுகிற இடம்

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வுபெற்ற டாக்டரை வானொலிக்கு அழைத்தால் சர்க்கரை நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நடுவில் நுரையீரல் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987-இல் பிரிட்டனில், தெற்கு வேல்ஸில் உள்ள ரொந்தா பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போனேன். நிலக்கரிச் சுரங்க ஊர். மலைச்சரிவில் ரயில் பெட்டிகளைக் கோத்து நிறுத்திய மாதிரி ஒட்டு வீடுகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சேப்பல் என்ற சின்ன தேவாலயம் ஒன்று, அதற்கு எதிரே ஒரு மதுக்கடை. சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோற்று முடிந்திருந்தது. சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். 1990 டிசம்பரில் மார்தி சுரங்கமும் மூடியபோது ரொந்தாவில் சுரங்கமே இல்லாமல் போயிற்று.

போன இரண்டாவது வாரம் ஒரு நோயாளி வந்தார். எழுபதை நெருங்கிய பழைய சுரங்கத் தொழிலாளி. அவருக்கு இருந்த நோயை அந்த ஊரில் 'தூசி' என்றுதான் சொல்வார்கள். நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்து இறுகிப்போன நிலை. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னால் முள் பாதிகூட ஏறாது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "டாக்டர், நீங்கள் டெனரா, பேஸா?"

நான் பாளையங்கோட்டைக்காரன். சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில், கொயரில், பாடியவன். டெனர் என்றால் ஆணின் மேல் குரல், பேஸ் என்றால் கீழ்க் குரல். "பேஸ்" என்றேன். "அப்ப சரி, வியாழக்கிழமை ஏழு மணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூச்சே இல்லாத மனிதர் எதற்கு ஆள் சேர்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை சேப்பலை ஒட்டிய கூடத்துக்குப் போனேன். அறுபது ஆண்கள். முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிட்டோன், அடி பேஸ் என்று, மேல் குரலிலிருந்து கீழ்க் குரல் வரை, நான்கு கூட்டமாக மர நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர், பள்ளி ஆசிரியர், வேலை போன தொழிலாளிகள், பஸ் ஓட்டுகிறவர். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு பெண், பியானோ வாசிப்பவர். அவர் இல்லாவிட்டால் பயிற்சி கிடையாது. ஆண்கள் குழு என்று பெயர்தானே தவிர, டிக்கெட் விற்பதும் இடைவேளைக்குத் தேநீர் வைப்பதும் ரொட்டி அடுக்குவதும் வீட்டுப் பெண்கள்தான் என்பது அப்புறம் தெரிந்தது.

கையில் கொடுத்த தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோ, ரே, மி எழுத்துகள்! எங்கள் கொயர் மாஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே சொல்ஃபா, நம் ச-ரி-க மாதிரி சுரத்தை எழுத்தால் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற ஆங்கிலப் போதகர் பரப்பிய முறை அது. ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத தொழிலாளி ஞாயிறு பள்ளியிலேயே கற்றுக்கொள்ளலாம். சாதாரண அச்சகத்தில் மலிவாக அச்சடிக்கலாம். நம் சட்ஜம் மாதிரி 'டோ'வை எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வேல்ஸ் மிஷனரிகள் இதையே மேகாலயாவின் காசி மலைகளுக்கும் மிசோரமுக்கும் கொண்டுபோனார்கள். மிசோ மக்கள் நாலு குரலில் பாடுவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மெட்டு வந்துவிட்டது, வார்த்தைதான் வரவில்லை. வெல்ஷ் மொழியில் இரட்டை 'எல்' என்று ஓர் ஒலி உண்டு. நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து, இரு பக்கமும் காற்றை ஊத வேண்டும். நான் ஊதினால் பூனை சீறுவது போல இருந்தது. பதிலுக்கு 'வாழைப்பழம்' சொல்லுங்கள் என்றேன். அடி பேஸ் வரிசை மொத்தமும் தோற்றது. அதோடு நான் அந்த வரிசைக்காரன் ஆனேன். பாட்டு முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். குழுவில் பாதிப் பேருக்கு வெல்ஷ் பேசத் தெரியாது, என்னைப் போலவே ஒலியை மனப்பாடம் செய்தவர்கள்தான்.

இந்தக் குழுக்களுக்கு வயது அதிகம். பக்கத்து ஊரான ட்ரியோர்கியின் பாடகர்கள் 1895-இல் விண்ட்சர் அரண்மனையில் விக்டோரியா ராணி முன்னால் பாடியிருக்கிறார்கள். ரொந்தாவின் இன்னொரு குழுவான பெண்டைரஸ் தொடங்கியது 1924-இல். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கே வேலையில்லாமல் கிடந்தது. வானொலியில் பேசுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை அமெரிக்க அரசு 1950-இல் பிடுங்கி வைத்துக்கொண்டது. 1957 அக்டோபரில் தெற்கு வேல்ஸ் கடற்கரை ஊரான போர்த்கோலில் சுரங்கத் தொழிலாளர் கலைவிழா நடந்தபோது, அவர் நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோவில் நின்று, அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். அரங்கில் இருந்த ட்ரியோர்கி குழு அவருக்காகத் திரும்பப் பாடியது. எங்கள் குழுவின் பெரியவர்கள் இதை நேற்று நடந்தது போலச் சொல்வார்கள்.

அறுபது ஆண்கள் சேர்ந்து பாடினால் கூரை அதிரும் என்று நினைப்போம். அதிரத்தான் செய்யும், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. "கத்துவதற்கு ரக்பி மைதானம் இருக்கிறது" என்பார் குழுவைக் கையசைத்துப் பாடவைக்கும் எங்கள் நடத்துநர். அறுபது பேரும் ஒரே ஆள் முணுமுணுப்பது போலப் பாடுவதுதான் கஷ்டம். ஜோசப் பாரி இசையமைத்த 'மவான்வி' என்ற பாட்டு அப்படித்தான் தொடங்கும். பாரி மெர்தர் டிட்வில் ஊர்க்காரர், சிறுவயதிலேயே சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை பார்த்தவர். கைவிட்டுப் போன காதலியைப் பார்த்துப் பாடும் பாட்டு. கை முழுக்க நீலத் தழும்பு, தோலுக்குள் தங்கிப்போன நிலக்கரி, அப்படிப்பட்ட ஆட்கள் அதை மெல்லமாக எடுக்கும்போது முன்வரிசையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

மெல்லப் பாட மூச்சு அதிகம் வேண்டும். என் நோயாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எப்படிச் சமாளிக்கிறார் என்று கவனித்தேன். அவர் மூச்சு விடும் இடம் யாரும் விடாத இடம், ஒரு சொல்லின் நடுவில். வரி முடிவில் எல்லாரும் சேர்ந்து விட்டால் பாட்டில் ஓட்டை விழும். ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் பாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் தாளை வாங்கி, தமிழ் எழுத்துகளுக்கு மேலே பென்சிலால் குறித்துக் கொடுத்தார். கோடு போட்டிருந்தால் என் மூச்சு, வட்டம் போட்டிருந்தால் அவருடையது. கோடுகளைவிட வட்டங்கள் இரண்டு மடங்கு இருந்தன. "பாக்கியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கச்சேரி நாளில் கறுப்புக் கோட்டும் குழுச் சின்னம் பொறித்த டையும். மேடைக்கு நாலு படி. மற்றவர்கள் ஏறி நிற்பதற்கு முன்பே அவரை அழைத்துப்போய் உட்கார வைத்துவிடுவோம், சபைக்குத் தெரியாது. வசூல் ஏதாவது மருத்துவமனைக்கோ முதியோர் நிதிக்கோ போகும். முடிந்ததும் எதிரே உள்ள மதுக்கடையில் கூடுவோம். அங்கே நடத்துநரும் கிடையாது, தாளும் கிடையாது. யாரோ ஒருவர் மூலையில் எடுப்பார், நாலு குரலும் தானாக வந்து சேரும். மேடையில் பாடியதைவிட அதுதான் நன்றாக இருந்தது என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் சொல்வாள். குழுவில் யாரும் மறுத்ததில்லை.

என் நோயாளி மூன்றாவது குளிர்காலத்தில் போய்விட்டார். மலைமேல் கல்லறையில், மழையில், குடை பிடிக்காமல் நின்று பாடினோம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில் மங்கிவிட்டது. பாடிப் பார்க்கும்போது வட்டம் போட்ட இடத்தில் இப்போதும் நான் மூச்சு விடுவதில்லை.

வணக்கம்.